நுவரெலியாவில் எட்டு வடிவக் கிறவல் சுற்று: எந்தப் பக்கமாகச் சுற்றுவது, பிரேக்கும் டயரும் தாங்குமா?

ஹட்டன்_சில்லு:

எல்லாருக்கும் வணக்கம். கிரகறி வாவியை நடுவில் வைத்து எட்டுப் போல, கல்லும் மண்ணுமான ரோட்டில் சைக்கிளில் போக ஒரு கிறவல் சுற்று வரைந்து வைத்திருக்கிறேன். வடக்கு வளையம்: வாவி, டவுன், ஹாவாஎளிய, பீட்ரு தோட்டம், கந்தப்பளை, திரும்பும்போது முடிந்தவரை தோட்ட ரோட். தெற்கு வளையம்: வாவி, பிளக்பூல், மீபிலிமான, அம்பேவெல, ரேந்தபொல, ஹக்கல, சீதாஎலிய, மறுபடி வாவி. டவுனுக்குள் தார் ரோட்டைத் தவிர்க்க விக்டோரியா பூங்காவையும் கல்வேஸ்லாண்ட் காட்டையும் ஊடறுத்துப் போவதாக மேப்பில் கோடு இழுத்திருக்கிறேன். இரண்டு வளையமும் ஒரே நாளில்.

சைக்கிள்: கியர் முன்னுக்கு 46/30 பல், பின்னுக்கு 11-34 பல், ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 11 வேகம். டயர் 700×38, உள்ளே டியூப். இரண்டு பக்கமும் கேபிள் டிஸ்க் பிரேக், 160 மி.மீ தட்டு. ஆள் 72 கிலோ, சைக்கிளும் சாமானும் சேர்ந்து 13 கிலோ.

கேட்க வேண்டியது இதுதான். தெற்கு வளையத்தை மேலே எழுதிய வரிசையில் சுற்றுவதா, மாற்றிச் சுற்றுவதா? ஏற்றத்துக்கு முன்னுக்கு 30, பின்னுக்கு 34 பல் போதுமா? டயரை அகலமாக்குவது முக்கியமா, பிரேக்கை மாற்றுவது முக்கியமா? இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது. தோட்ட ரோட்டில் போக யாரிடம் கேட்க வேண்டும்?

---

கந்தப்பளைக்காரன்:

தம்பி, முதல்ல பூங்காக் கோடு ரெண்டையும் அழிச்சிடுங்க. விக்டோரியா பூங்கா 1897ல மகாராணியோட வைர விழாவுக்குப் பேர் வச்ச பூங்கா. டிக்கெட் எடுத்து நடந்து பார்க்கிற இடம். உள்ளுக்குள்ள சைக்கிள் உருட்டுறதுக்கில்லை. கல்வேஸ்லாண்ட் சின்னதுதான், 29 ஹெக்டேர் பக்கம். ஆனா 2006ல இருந்து தேசியப் பூங்கா. குருவி பார்க்கப் போறவங்க மெதுவா நடக்கிற காடு. மூன் பிளேன்ஸ் பக்கமும் கோடு இழுக்காதீங்க. பிதுருதலாகல 2,524 மீட்டர், நாட்டிலேயே உயரம்னு ஆசை வரும். மேல பாதுகாப்பு வலயம், அதையும் விடுங்க. டவுனுக்குள்ள கிடைக்கிற ஒரே நல்ல துண்டு வாவிக்கரைதான். அதுவும் காலை ஏழு மணிக்கு முன்னாடி. பிறகு மட்டக்குதிரையும் பிள்ளைங்களும் சுற்றுலா வேனும் வந்தா சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

இப்ப தோட்டத்துப் பாதை. மேப்பில மூணு சாதிப் பாதை ஒரே மாதிரிக் கோடாத் தெரியும். அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாத்தான் இந்தச் சுற்று சரிவரும்.

ஒண்ணு வண்டி ரோட். அந்தக் காலத்துல மாட்டு வண்டியில தேயிலைப் பெட்டி ஏத்தப் போட்டது. மாடு இழுக்கணும்கிறதால சரிவு கடுமையா இருக்காது. மலையைச் சுத்திச் சுத்தி வளைஞ்சு ஏறும். ஆனா கருங்கல்லு பதிச்சிருப்பாங்க, மண்ணு கழுவிப் போயிட்டா கல்லு முனை வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டாவது குறுக்கு. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுல நேரா மேல ஏறுற நடைபாதை. படிக்கட்டும் கானும் இருக்கும். சைக்கிளைத் தோளில போட்டாத்தான் போகலாம். மேப்பில கோடு உயரக்கோடுகளை நேராக் குத்திக்கிட்டுப் போனா அது குறுக்குன்னு முடிவு பண்ணிக்குங்க. மூணாவது, லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) புது வீட்டுத்திட்டத்துக்கும் போட்ட கொங்கிரீட். ஒரு வாகனம் போற அகலம், செங்குத்து, நிழல் பக்கம் முழுக்கப் பாசி.

அதனால விதி ஒண்ணே ஒண்ணு: கொங்கிரீட்டில ஏறுங்க, வண்டி ரோட்டில இறங்குங்க. மாத்திச் செஞ்சா ரெண்டு பக்கமும் நட்டம். பாசி பிடிச்ச கொங்கிரீட்டில ஏறும்போது சில்லு வழுக்கினா காலை ஊணிக்கலாம். இறங்கும்போது வழுக்கினா ஊணுறதுக்குள்ள கானுக்குள்ள கிடப்பீங்க. அப்படியும் இறங்கித்தான் ஆகணும்னா வாகனச் சில்லு உரசிப் பாசி தேஞ்ச ரெண்டு கோடு தெரியும், அதுக்குள்ளேயே இருங்க. நடுவுல இருக்கிற பச்சைப் பட்டைக்கு மாறாதீங்க.

தெற்கு வளையத்தை நீங்க எழுதினதுக்கு மாறாச் சுத்துங்க: வாவியில இருந்து முதல்ல சீதாஎலிய, ஹக்கல, ரேந்தபொல, அங்கயிருந்து அம்பேவெலக்கு ஏற்றம், பிறகு மீபிலிமான, பிளக்பூல், வாவி. காரணம் டவுனில இருந்து ஹக்கல பக்கம் போற ஏ5 பெரிய ரோட். பஸ்ஸும் மரக்கறி லொறியும் ஓடுற ரோட்டில ஹக்கலயில இருந்து டவுனுக்கு மணிக்கு எட்டு கிலோமீட்டர்ல ஏறினா ஒவ்வொரு வாகனமும் உங்களை முந்தணும். வளைவுல முந்துவாங்க. காலையில இறங்கினா உங்க வேகமும் அவங்க வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணு, முந்த வேண்டிய தேவையே குறைவு. ரேந்தபொலயில வலது பக்கம் திரும்பணும்; ரோட்டு நடுவுல நின்னு காத்திருக்காதீங்க. இடது ஓரமா நிறுத்தி, இறங்கி, ரெண்டு பக்கமும் பார்த்துக் கடங்க.

அம்பேவெல, மீபிலிமான பக்கம் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், காத்து அடிக்கும். அங்க கவனிக்க வேண்டியது தோட்டத்து உழவு மெஷின் சில்லில இருந்து தார் ரோட்டில விழுற சேறு. வளைவுல அது கிடந்தா கிறவலைவிட மோசம். கந்தே எல நீர்த்தேக்கத்துக் காட்டுப் பக்கம் பாதை அழகுதான், ஆனா காட்டுக்குள்ள பிரியுற தடங்களுக்கு அனுமதி கேட்காமப் போக வேண்டாம். பட்டிப்பொல வரைக்கும் நீட்டி ஹோட்டன் சமவெளியையும் தொடலாமான்னு யோசிக்காதீங்க. அது தனி டிக்கெட், தனி நாள்.

---

திருகாணி:

பாதை விசயத்தில் மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சைக்கிள் விசயத்துக்கு வருகிறேன். காசு ஒன்றுக்குத்தான் என்றால் டயர். பிரேக்கை மாற்ற வேண்டாம், இருக்கிறதை ஒழுங்காகக் கட்டினால் போதும். ஏன் என்று சொல்கிறேன்.

கியர் கணக்கு முதலில். 700×38 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.19 மீட்டர். 30க்கு 34 போட்டால் ஒரு மிதிக்கு 1.93 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 7 கிலோமீட்டர். உங்கள் மொத்தப் பாரம் 85 கிலோ. 10 சதவீத ஏற்றத்தில் கிறவல் உராய்வோடு சேர்த்து 180 வாட் தேவை, இது நீடித்து மிதிக்கக்கூடியது. அதே மிதி வேகத்தில் 15 சதவீதம் வந்தால் 255 வாட். அது சில நிமிடத்துக்குத்தான். வண்டி ரோட்டுக்கு உங்கள் கியர் தாராளம், கொங்கிரீட்டுக்குக் குறைவு. ஆர்எக்ஸ்810 பின் கியர் மாற்றிக்குக் கம்பனி சொல்லும் எல்லை 34 பல். மாற்றிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டும் பி ஸ்க்ரூவைத் திருகி 36 வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓடும். ஆனால் கிடைப்பது ஆறு சதவீத இலகுதான். அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். 15 சதவீதத்துக்கு மேல் கொங்கிரீட் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளும் வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர், நட்டம் சில நிமிடம். சப்பாத்து முக்கியம்: அடியில் ரப்பர் பல் உள்ள மலைச் சைக்கிள் சப்பாத்து போடுங்கள். ரோட் சைக்கிள் சப்பாத்தின் அடியில் மிதியில் மாட்டுவதற்கு இருக்கும் பிளாஸ்டிக் கிளீட் பாசியில் ஒரு அடிகூட நிற்காது.

டயர். 38 மி.மீ டியூப் டயரில் வண்டி ரோட்டுக் கருங்கல் முனை அடிப்பது நேராக விளிம்புக்குப் போகும். டியூப் கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை. அதைத் தவிர்க்க காற்றைக் கூட்டினால் சைக்கிள் குதிக்கும், இறக்கத்தில் முன் சில்லு நிலத்தைத் தொடும் நேரம் குறையும், பிரேக் பிடித்தும் பிடிக்காத மாதிரி இருக்கும். பிரேக் போதவில்லை என்று பலர் நினைப்பது உண்மையில் டயர் பிடி போதாததுதான். ஃபிரேமில் இடம் இருந்தால் 42 அல்லது 43 மி.மீ, டியூப் இல்லாமல். இரண்டு பக்கமும் குறைந்தது 5 மி.மீ இடைவெளி விட வேண்டும். செம்மண் சேறு ஒட்டினால் அந்த இடம்தான் மிச்சம். காற்று முன்னுக்கு 28, பின்னுக்கு 31 பிஎஸ்ஐயில் தொடங்கி, கல்லில் விளிம்பு இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு கூட்டுங்கள். 38ஐயே டியூபோடு ஓட்டுவதென்றால் முன்னுக்கு 36, பின்னுக்கு 40. அதற்குக் கீழே போக வேண்டாம்.

டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் அடைப்பான் பால் ஒரு டயருக்கு 80 முதல் 90 மி.லீ. இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். போத்தலில் இருந்து ஊற்றிய திகதியை ஃபிரேமில் எழுதி ஒட்டுங்கள். ஐந்து மி.மீக்கு மேற்பட்ட வெட்டுக்குப் பால் அடைக்காது, ஓட்டைக்குள் திணிக்கும் ரப்பர் புழு வேண்டும். பக்கச் சுவர் கிழிந்தால் புழுவும் நிற்காது; உள்ளே ஒரு துண்டுப் பழைய டயரோ மடித்த ரூபா நோட்டோ வைத்து டியூப் போட வேண்டியதுதான். ஆகவே இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். மலைநாட்டு டவுன் கடைகளில் தடித்த வால்வு டியூப்தான் இலகுவாகக் கிடைக்கும். அதற்கு விளிம்பில் 8.5 மி.மீ ஓட்டை வேண்டும், உங்களுடையது 6.5 ஆக இருக்கும். உள்ளே போகாது. ரோட்டோரத்தில் நின்று அரத்தால் ராவி ஓட்டையைப் பெரிதாக்கும் வேலை வேண்டாம்.

பிரேக். நூறு மீட்டர் உயரம் இறங்கினால் 85 கிலோவுக்கு 83 கிலோஜூல் எங்காவது போக வேண்டும். காற்று கொஞ்சம் எடுக்கும், மெதுவாக இறங்குகிறவனுக்கு மிச்சம் முழுவதும் தட்டில் சூடாகும். விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் கெடுதல்: பிரேக் கட்டை கண்ணாடி போல மெருகேறி, பிடி போய்விடும். வளைவுக்கு முன் இரண்டையும் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள், நேர்த்துண்டில் தட்டுக்குக் காற்றுப் பட விடுங்கள்.

கேபிள் பிரேக்கின் குறை வலு அல்ல. கட்டை தேயத் தேயத் தானாக உள்ளே நகராது என்பதுதான். மழையில் செம்மண் மணல் சேர்ந்தால் ரெசின் கட்டை ஒரே நாளில் பாதி போகும். லீவர் ஹாண்டிலுக்குக் கிட்ட வருவதை நீங்கள் கவனிக்காமல் இருந்தால் கடைசி இறக்கத்தில் ஒன்றும் இருக்காது. ஆகவே: உலோகக் கட்டை போடுங்கள், ஆனால் தட்டில் ரெசின் மட்டும் என்று அச்சடித்திருந்தால் போடக்கூடாது, தட்டு தேய்ந்துவிடும். தட்டின் தடிப்பு 1.5 மி.மீக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். கட்டையில் உரசும் பகுதி 0.5 மி.மீக்கு வந்தால் மாற்ற வேண்டும். புதுக் கட்டை போட்டதும் மணிக்கு 25 கிலோமீட்டரில் இருந்து கிட்டத்தட்ட நிற்கும் வரை இருபது தரம் பிடித்து விடுங்கள், சில்லைப் பூட்ட வேண்டாம். இதைச் செய்யாமல் நேராக இறக்கத்துக்குப் போவதால்தான் கீச்சுச் சத்தமும் பிடி இல்லாமையும். பிரேக் கேபிளின் வெளிக் குழாயை அமுங்காத வகைக்கு மாற்றுங்கள். ஒரு பிரேக் தொகுதியின் விலையில் சிறு பங்குதான், லீவர் உணர்வு முழுதாக மாறும்.

---

கொழுந்துமலை:

அண்ணா, யாரிடம் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு: தோட்ட ரோட் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து ஆபிசில் முதல் நாள் போய் அல்லது போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போவது முறை. எந்த டிவிஷன் வழியாக, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொன்னால் போதும். அவர்களும் எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், எந்த ரோட் உடைந்திருக்கிறது என்று சொல்வார்கள். இது மரியாதைக்கு மட்டுமல்ல, உங்களுக்கே தேவை. களைநாசினி அடித்துக்கொண்டிருக்கும் மலைக்குள் மூச்சு வாங்கி ஏறக்கூடாது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் நீண்ட நடைபாதையான பீக்கோ பாதையின் கடைசிக் கட்டம் பீட்ரு பக்கம் முடிகிறபடியால் அந்தத் தோட்டத்தில் வெளியாட்களைக் காண்பது புதிதில்லை. ஆனால் அது நடக்கிறவர்களுக்காகக் குறித்த பாதை. எதிரே ஆள் வந்தால் நீங்கள்தான் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும்.

லயத்து முன்பக்கம் ரோட் மாதிரித் தெரியும், அது அவர்களின் வாசல். பிள்ளைகள் விளையாடும், உடுப்புக் காயும், பீலிக்கரையில் ஆட்கள் குளிப்பார்கள். அங்கே நடக்கும் வேகத்துக்கு வாருங்கள், கமராவை மூடி வையுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பது வீண். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நடந்தால் அடங்கிவிடும்.

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கொழுந்து லொறி வரும். வண்டி ரோட்டில் லொறிக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் சைக்கிளுக்கு இடம் இல்லை. சத்தம் கேட்டதும் மேட்டுப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். ஓர மண் மழையில் உள்ளுக்குள் கரைந்து மேலே புல் மட்டும் மூடி நிற்கும். தலையில் கொழுந்துப் பாரத்தோடு வருகிறவர்களை நிறுத்தி வழி கேட்காதீர்கள், பாரத்தோடு நிற்பது கஷ்டம். மட்டத்தில் இறக்கி வைத்த பிறகு கேளுங்கள்.

டயர் பற்றிப் பேசியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். கவ்வாத்து வெட்டிய மலை. வெட்டிய தேயிலைக் குச்சி, அதாவது மிலாறு, ரோட்டில் சிதறிக் கிடக்கும், சரிவாக வெட்டிய முனை ஆணி போல. பக்கச் சுவரைத்தான் குத்தும். கவ்வாத்து மலையைத் தூரத்தில் இருந்தே தெரியும்: பச்சை இல்லாமல் மொட்டையாக இருக்கும். அந்தத் துண்டைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

குளவி. இதை இலேசாக எடுக்க வேண்டாம். கொழுந்து எடுக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் அடிக்கடி கேட்கும் செய்தி, உயிர் போனதும் உண்டு. மரக்கிளையிலும் பாறையிலும் கூடு தொங்கும். பறக்கிற ஒன்றிரண்டு உங்களைச் சுற்ற ஆரம்பித்தால் கை வீசாதீர்கள், கத்தாதீர்கள், வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள். கூட்டமாக வந்துவிட்டால் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடுங்கள். கட்டடம் இருந்தால் உள்ளே. பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், 1990க்கு அடியுங்கள். தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல டிவிஷன் பெயரும் மலை நம்பரும் தேவை. கடக்கும்போதே பலகையைப் படித்து மனதில் வையுங்கள்.

அட்டைக்குச் சவர்க்காரத்தை ஈரமாக்கிக் காலுறையில் தேய்த்தாலே பெரும்பாலும் ஏறாது.

---

நானுஓயா_பனி:

காலம் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். இந்தச் சுற்றுக்கு நல்லது ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல் சீசனில் டவுனும் வாவியும் ஏ5ம் வாகனத்தால் நிறைந்துவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கு மழை. ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மறுபடியும். நல்ல மாதத்திலும் பிற்பகல் மூடுபனியும் தூறலும் வரலாம். ஆறரைக்குப் புறப்பட்டு மதியத்துக்குள் கடினமான துண்டுகளை முடித்துவிடுங்கள். பின் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழும், அம்பேவெல புல்வெளி வெள்ளையாகவே கிடக்கும். ஏ5 இறக்கத்தில் அந்தக் குளிரில் விரல் மரத்தால் லீவரை எவ்வளவு இறுக்குகிறீர்கள் என்றே தெரியாது. முழு விரல் கையுறையும் காற்றுப் புகாத மேலங்கியும் பிரேக் கட்டை அளவுக்கு முக்கியம். வியர்த்த பெனியனோடு இறக்கத்துக்குப் போகாதீர்கள், மேலே நின்று மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.

காற்று பற்றி ஒரு சின்ன விசயம். கொழும்பில் 30 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ அடித்துக் கொண்டுவந்தால் நுவரெலியாவில் என்ன காட்டும்? டவுன் 1,868 மீட்டரில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவதால் மானி கூடக் காட்ட வேண்டும். ஆனால் 15 டிகிரி குளிரில் டயருக்குள் உள்ள காற்றுச் சுருங்கி 2 பிஎஸ்ஐக்கு மேல் குறையும். மிச்சம் ஒரு பிஎஸ்ஐ கூட இல்லை. ஆகவே கீழே அடித்த காற்றை மேலே வந்து மாற்ற வேண்டியதில்லை, சரிபார்த்தால் போதும்.

மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரோட்டுகளைப் பல இடத்தில் உடைத்துவிட்டது. அதற்கு முன் யாரோ பதிந்த ஜிபிஎஸ் கோட்டை அப்படியே நம்பிப் போகாதீர்கள். அதே வளைவில் இன்று ரோட் இல்லாமல் இருக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். நுவரெலியாவுக்கு மஞ்சள் இருந்தாலே தோட்ட ரோட்டை விட்டுவிடுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் ரோட்டில் புதிதாக நீள வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கலாகக் கசியும் ஊற்று கண்டால் திரும்புங்கள். கொங்கிரீட் ஓரம் கீழே மண் அரித்துப் பலகை மாதிரி அந்தரத்தில் நிற்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நடுவோடு போங்கள்.

---

ஹட்டன்_சில்லு:

எல்லாருக்கும் நன்றி, நிறையத் திருத்த வேண்டியிருக்கிறது. பூங்காக் கோடுகள் அழிந்தன. தெற்கு வளையம் மாறிச் சுற்றும். கவ்வாத்து விசயம் நினைத்தே பார்க்காதது, அக்கா. டயர் 42க்கு மாற்றுகிறேன். ஃபிரேமில் பக்கத்துக்கு 6 மி.மீ மிஞ்சுகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. என் விளிம்பு டியூப் இல்லாத டயருக்கு ஏற்றது என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது சாதாரண ரப்பர் பட்டி. அதையே விட்டு வால்வு மட்டும் போட்டால் போதுமா? மற்றது, பிரேக் கட்டை தேய்ந்ததை நடு வழியில் எப்படிச் சரிசெய்வது? என் பிரேக்கில் வெளிக் கட்டை மட்டும்தான் அசையும் வகை.

---

திருகாணி:

ரப்பர் பட்டியைக் கழற்றி எறியுங்கள். ஆரக்கம்பி ஓட்டை வழியாகக் காற்றுப் போகும். டியூப் இல்லாததற்கான ஒட்டுப் பட்டி, விளிம்பின் உள் அகலத்தைவிட 2 அல்லது 3 மி.மீ கூடியது வாங்குங்கள். உள் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வால்வு ஓட்டைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இழுத்து இழுத்து ஒரு சுற்று முழுதும் ஒட்டி, தொடங்கிய இடத்துக்கு மேலேயே இன்னும் 10 செ.மீ ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் அங்கேதான் கசியும். வால்வு ஓட்டையைக் கத்தியால் வெட்டாமல் சூடாக்கிய ஊசியால் குத்துங்கள், வெட்டினால் கிழிசல் நீளும். முதலில் டியூப் போட்டு 40 பிஎஸ்ஐ அடித்து ஓர் இரவு விட்டால் பட்டி படிந்துவிடும். பிறகு பால் இல்லாமல் டயரை இருத்திப் பாருங்கள், கடைசியில் பால். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இந்த வேலையைச் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு கிழமை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிரேக்: ஒரு பக்கம் அசையும் வகையில் வெளிக் கட்டை தட்டை வளைத்து உள் கட்டையோடு அழுத்தும். உள் கட்டை தேய்ந்தால் தட்டு கூடக் கூட வளையும், லீவர் பஞ்சு மாதிரி ஆகும். அதனால் வரிசை இது. சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். முதலில் உள் கட்டையின் திருகியை, ஆரக்கம்பிப் பக்கமாக உள்ளே இருப்பது, தட்டில் மெல்ல உரசும் வரை திருகி, கால் சுற்றுத் தளர்த்துங்கள். இடைவெளி ஒரு தாள் தடிப்புப் போதும். அதற்குப் பிறகுதான் கேபிள் முனையில் உள்ள பீப்பாய்த் திருகியை வெளியே திருகி லீவரை மேலே கொண்டுவர வேண்டும். பலர் உள் கட்டையைத் தொடாமல் கேபிளை மட்டும் இழுத்து இழுத்து இறுக்குவார்கள். பிரேக்கில் கேபிள் இழுக்கும் கை ஆரம்பத்திலேயே பாதித் தூரம் நகர்ந்த நிலையில் நிற்கும், இழுக்கத் தூரம் மிஞ்சாது. இழுத்தால் தட்டில் படும், ஆனால் பிடிக்காது.

இதை ஒவ்வொரு பெரிய இறக்கத்துக்கு முன்பும் பாருங்கள். தேவையான சாவி கையில் இருந்தால் இரண்டு நிமிடம். பையில் ஒரு சோடிக் கட்டை, பின் கியருக்கான உள் கேபிள், 11 வேகச் செயின் இணைப்பி ஒன்று, பின் கியர் மாற்றியை ஃபிரேமில் பூட்டும், உங்கள் ஃபிரேமுக்கே உரிய கியர் தொங்கி. தொங்கி வளைந்தால் எந்தக் கடையிலும் மாற்று இருக்காது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம்.

திரும்பி வந்ததும் சேற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அழுத்தக் குழாயால் பெயரிங் பக்கம் அடிக்க வேண்டாம். செயினைத் துடைத்து, ஈரக் காலத்து எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு துளி. தெளிக்கும் எண்ணெயைச் சைக்கிளுக்குக் கிட்டவே கொண்டுவராதீர்கள். பிரேக் தட்டில் ஒரு தூறல் பட்டாலே கட்டை போச்சு, கழுவினாலும் திரும்பாது.

---

கந்தப்பளைக்காரன்:

ஒரே நாள்ல ரெண்டு வளையமும் பத்திக் கேட்டிருந்தீங்க, யாரும் பதில் சொல்லலை. முடியும். ஆனா வரிசை முக்கியம்: தெற்கு முதல்ல, வடக்கு பிறகு. ஏ5 துண்டு காலையிலேயே முடிஞ்சிடணும், ரேந்தபொல ஏற்றத்துக்குக் கால் புதுசா இருக்கணும். வாவிக்குத் திரும்பி வரும்போது மணி பதினொண்ணு தாண்டிடுச்சுன்னா வடக்கு வளையத்தை அடுத்த நாளுக்கு வச்சிடுங்க. கந்தப்பளைப் பக்கத் தோட்ட ரோட்டில மூணு மணிக்கு மேல பனி இறங்கினா பத்தடிக்கு அங்கால லொறி நிக்குதா மரம் நிக்குதான்னு தெரியாது.

தண்ணி ரெண்டு போத்தல், மணிக்கு 40 முதல் 60 கிராம் மாச்சத்து. ஒரு வாழைப்பழம் 25 கிராம் பக்கம். கித்துள் கருப்பட்டித் துண்டு குளிரில உருகாது, ஈரக் கையாலயும் எடுக்கலாம். பீலித் தண்ணியில முகம் கழுவுங்க, செயினுக்கு ஊத்துங்க. மேல தோட்டம் இருக்கிற இடத்துல குடிக்க வேண்டாம்.

கோடு புதுசா வரைஞ்சதும் இங்கேயே போடுங்க. கந்தப்பளையில இருந்து திரும்புற துண்டில எது வண்டி ரோட், எது குறுக்குன்னு ஒவ்வொண்ணாப் பார்த்துச் சொல்றேன்.